வடக்குச் சுவர்

அந்தப் பச்சைப் பட்டுத் துணிக்குப் பின்னால்தான் இருக்கிறார். துணி முழுதாக மூடவில்லை. இடது கீழ் மூலையில் படச் சட்டத்தின் பொன்பூச்சும் ஒரு கையகலக் கறுப்பு அங்கியும் வெளியே தெரிகின்றன. செத்து முப்பத்தோரு வருஷம் ஆன பிறகும் முழுதாக மூடிவைக்க முடியாத மனிதர். என்னை முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாற்காலிக்கு வெள்ளை உறை மாட்டி முதுகில் ரிப்பன் கட்டியிருக்கிறது, கல்யாண மண்டபத்தில் கட்டுவது போல. அழைப்பிதழில் ஆறாவது பெயர் என்னுடையது. நினைவுரை, திருமதி தையல்நாயகி, பேராசிரியர் சிவக்கொழுந்து அவர்களின் மாணவி. கல்யாணமே ஆகாதவளைத் திருமதி ஆக்கிவிட்டார்கள், எண்பது வயதுக்காரியைச் செல்வி என்று போட அச்சகத்துக்கே கை வரவில்லை போல. மாணவி என்று போட மட்டும் கை வந்திருக்கிறது. ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு நிமிஷம் போதும். மடியில் இருக்கிற கைப்பையில், கண்ணாடிக் கூட்டுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் வருஷத்துக் குறிப்பேடு இருக்கிறது. அதில் இரண்டு பக்கம் வாசித்தால் போதும், அந்தத் துணியை யாரும் இழுக்கவே வேண்டியதில்லை, தானாக விழும். வெண்குடிநல்லூர்க் கல்வெட்டு வெண்குடிநல்லூரில் இல்லை, அது என்றைக்குமே அங்கே இருந்ததில்லை, என்று சொல்லப்போகிறேன். இவர்கள் தங்கள் வயதோடு ஆயிரம் வருஷத்தைக் கூட்டிக்கொண்டது அந்தக் கல்லை வைத்துத்தான். சொல்லிவிட்டு இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுவேன். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன். பயம் இல்லை, குளிர்சாதனம். பயமும்தான்.

சுவர் முழுக்க ஆண்கள். நூற்றைம்பது வருஷத்து ஆண்கள். ஒவ்வொருவருக்கும் கறுப்பு அங்கி, சிவப்பு விளிம்பு, கையில் ஒரு சுருள். வலது கோடியில் முதல் துணைவேந்தர், வெள்ளைக்கார நீதிபதி, இந்த ஊர் வெயிலில் வெந்துபோன முகத்தை ஓவியன் அப்படியே செம்பருத்தி நிறத்தில் தீட்டிவிட்டான். அவருக்குப் பக்கத்தில் கணக்குப் பேராசிரியர், இருபது வருஷம் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாராம், விடை வந்த அன்று வகுப்புக்குப் போகாமல் ஆற்றில் இறங்கிக் குளித்தாராம். அடுத்தது அகராதிக்காரர், பாதி எழுத்துக்கு வருவதற்குள் பார்வை போய், மீதியை மனைவியை வாசிக்கச் சொல்லி முடித்தாராம், அந்த அம்மாள் பேர் என்ன என்று கேட்டால் இந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. சேர்ந்த முதல் வாரமே இந்தக் கதைகளைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நூலக அட்டையோடு பக்தியையும் கையில் கொடுப்பார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். பெண்களுக்கு அப்போது பின்பக்கம் தனிப் படி, இரும்புச் சுருள் படி, மழையில் வழுக்கும், தலைப்பு சிக்கும். முன் படிக்கட்டு கறுப்புக் கல், அகலம், அதில் எங்களுக்கு வழி இல்லை என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஏறினால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தச் சுருள் படியில் சுற்றிச் சுற்றி ஏறும்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிவது அதற்காகத்தான். படிக்காக இல்லை, அந்தப் பெருமைக்காக.

“என்ன தையல், நீங்க போன வருஷமே போயிட்டதா சொன்னாங்களே.” பலராமன். என்னோடு ஒரே நாளில் ஆய்வுக்குச் சேர்ந்து, துறைத் தலைவராக ஓய்வு பெற்றவர். பக்கத்து நாற்காலியில் மெதுவாகத் தன்னை இறக்கி வைக்கிறார். “யார் சொன்னது?” “யாரோ. ஒரு நிமிஷம் மனசு கஷ்டமாப் போச்சு.” “ஒரு நிமிஷமா? தாராளம்தான்.” சிரிக்கிறார், பல் செட் ஒரு கணம் தாமதித்துச் சிரிக்கிறது. “நாக்கு மட்டும் அப்படியே வெச்சிருக்கீங்க.” “மத்ததெல்லாம் இங்கேயே வாங்கி வெச்சுக்கிட்டீங்களே, பலராமன்.” அவர் முகம் கொஞ்சம் சுருங்குகிறது, பிறகு குனிந்து, காதோடு, “இன்னிக்கு ஐயாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க. பழசக் கிளற வேணாம். அவர் மகன் அமெரிக்காவுலேர்ந்து வந்து உட்கார்ந்திருக்கார்.” அவருக்குத் தெரிந்த பழசு ஒன்றுதான். நான் எழுதிய நாற்பது பக்கத்தைத் துணிக்குப் பின்னால் இருக்கிற ஐயா தன் பேரில் அச்சிட்டது. அது துறையில் எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரிந்ததால்தான் அது ஒரு குற்றமாக இல்லாமல் ஒரு வழக்கமாக இருந்தது. என் பையில் இருக்கிற பழசு இவருக்குத் தெரியாது. இவர் சட்டைப்பையில் அந்தப் பென்சில் இருக்கிறது. இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் நீலம். ஐயாவுடைய பென்சில், ஓய்வு பெறும்போது இவரிடம் கொடுத்தார், இவர் ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் யாரிடமும் கொடுக்கவில்லை, விரல் நீளம்தான் மிச்சம். அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் ஈரக் காகிதத்தின் ருசி வந்துவிட்டது.

ஈரக் காகிதம், மை, வௌவால் நாற்றம். கல்வெட்டுக்குப் படி எடுக்கிற வேலை அப்படித்தான் இருக்கும். கல்லைத் தேய்த்துக் கழுவி, காகிதத்தை நனைத்து அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்துக் குழிக்குள் காகிதத்தை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்போம். காய்ந்ததும் உரித்தால் கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஊரின் முன்னோர் எழுந்து வருவார்கள். ஊர் ஊராகப் போய் நாங்கள் எடுப்போம், நானும் பலராமனும். ஆனால் சுருளின் முதுகில் ஊர்ப் பெயரை நாங்கள் எழுதக் கூடாது. அது ஐயாவின் விதி. மாணவர்கள் எழுதினால் பிழை வரும் என்பார். சுருள்களைப் போன வரிசைப்படியே கட்டிக்கொண்டு வந்து துறையில் நீள மேசைமேல் விரிக்க வேண்டும், அவர் அந்தப் பென்சிலோடு நிற்பார், கேட்பார், நாங்கள் சொல்வோம், அவர் எழுதுவார். ஐந்து வரி. ஊர். கோயில். சுவர். படி எடுத்தவர். கல்லின் நிலை. மணமேடையில் புரோகிதர் கேட்கிற மாதிரி இருக்கும். ஐந்து வரி எழுதி முடிந்ததும் அந்தக் கல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகிவிடும். என்ன விதி அது. சுவருக்கு முன்னால் நிற்கிறவளுக்கு எழுத உரிமை இல்லை, நாற்பது மைல் தள்ளி மின்விசிறிக்கடியில் நிற்கிறவருக்கு உண்டு. ஆகையால் பிழை அவருடையது. விதி அவருடையது, பென்சில் அவருடையது, பிழையும் அவருடையதுதான். ஐம்பத்தைந்து வருஷமாக இந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கி வைத்திருக்கிறேன், ஆனாலும் அதில் எங்கேயோ ஒரு சிலும்பு இருக்கிறது, விரலை ஓட்டும்போதெல்லாம் குத்துகிறது.

துணைவேந்தர் பேசுகிறார். “வெண்குடிநல்லூரில் முந்நூற்று நாற்பது மாணவர்கள் தங்கிப் படித்த மாபெரும் கல்விச்சாலை… அந்தப் பேரொளியின் தொடர்ச்சியே நமது பல்கலைக்கழகம்.” கைதட்டல். ஒவ்வொரு பட்டமளிப்பு விழாவுக்கும் வெண்குடிநல்லூர்க் கோயிலிலிருந்து விளக்கேற்றி ஜீப்பில் கொண்டுவருவார்கள், வழியில் அணைந்தால் தீப்பெட்டியால் ஏற்றிக்கொள்வார்கள் என்று பலராமனே ஒருமுறை சொன்னார். ஊர் எல்லையில் வளைவு கட்டியிருக்கிறார்கள். எல்லாம் ஒரு சுருளிலிருந்து. மழை. படி எடுத்துத் திரும்பிய அந்தச் சாயங்காலம் பேருந்து நிலையத்தில் நல்ல மழை, பலராமன் டீ குடிக்கப் போயிருந்தார், நான் சுருள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கூரை ஒழுகிற்று, கட்டை அவிழ்த்து, நனைந்த இரண்டை மட்டும் வெளியே எடுத்து என் தலைப்பால் ஒற்றி, திரும்பச் சுருட்டி வரிசை பார்க்காமல் உள்ளே வைத்தேன். இரண்டுதான். ஒன்று வெண்குடிநல்லூரில் எடுத்தது, மற்றது சிறுகடம்பையில் எடுத்தது. மறுநாள் மேசையில் விரித்தபோது ஒன்றில் ஒரு வரிகூடப் படிக்க வரவில்லை, வெறும் சிதைவு, அதை ஒதுக்கிவிட்டார். இன்னொன்றில் எழுத்து முத்து முத்தாக நின்றது. சாலை, மாணவர், இலக்கணம் சொல்கிறவர் என்று வந்ததும் ஐயாவின் பென்சில் அந்தரத்தில் நின்றது. “இது எந்த ஊர்?” எனக்குத் தெரியவில்லை. அரை நொடி தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பலராமன் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வாரம்தான் ஐயா எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார், பொம்பளப் பிள்ளையை வெளியூர் வேலைக்கு அனுப்பினா இப்படித்தான் என்று, எதற்கோ. “வெண்குடிநல்லூர், ஐயா.” பளிச்சென்று சொன்னேன். மேடையில் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன். அவர் எழுதினார். பிழை அவருடையது. அவர் கைதான் எழுதியது. குரல், குரல் என்னுடையது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்தக் கல்வெட்டோடுதான் தூங்கி எழுந்தேன். நாற்பது பக்கம். அதில் ஒரு பக்கம் முழுக்கக் கடைசி வரியைப் பற்றியது. இரவு படிக்கிற மாணவர்களின் விளக்குக்கு எண்ணெய் வார்க்க ஒரு பெண், அவள் பெயர் பூதி நங்கை. முந்நூற்று நாற்பது மாணவரில் ஒருவன் பெயரும் இல்லை, பாடம் சொன்னவர்கள் பெயரும் இல்லை, எண்ணெய் வார்த்தவள் பெயரைக் கல்தச்சன் செதுக்கி வைத்திருக்கிறான். ஏன் என்று தெரியாது. வரிசை வரிசையாக அவள் நடந்து போவதையும், குனிந்த தலைகள் ஒவ்வொன்றின் நிழலும் அவள் கடக்கும்போது சுவரில் நகர்வதையும் எழுதினேன். ஐயா அந்தப் பக்கத்தைச் சிவப்பால் அடித்தார். “இது ஆராய்ச்சியா, தையல்? கவிதையா?” மீதி முப்பத்தொன்பதை அடுத்த வருஷம் தன் புத்தகமாகப் போட்டார். முன்னுரையில் எட்டாவது ஆளாக என் பெயர் வந்தது, கையெழுத்துப் படியைச் செப்பம் செய்து உதவிய செல்வி தையல்நாயகி. செப்பம் செய்து உதவிய. அறையில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார், “உங்க ஆய்வேட்டை நான் இன்னும் கையெழுத்துப் போட்டு அனுப்பல. ஞாபகம் இருக்கட்டும்.” அப்புறம் அவர் அனுப்பவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. புத்தகத்தைக் கொண்டாடிய அந்த வருஷத்தில்தான், துறையில் என் மேசையைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், என் குறிப்பேட்டில் சிறுகடம்பைக் கல்லின் படத்தைப் பார்த்தேன். நானே வரைந்தது. மேல் வலது மூலை உடைந்து, நாய் கடித்த காது மாதிரி. மேசை மேல் கண்ணாடிக்கடியில் இருந்த புகழ்பெற்ற படியில் அதே காது.

மறுநாளே பேருந்து ஏறிச் சிறுகடம்பைக்குப் போனேன். வடக்குச் சுவர், தும்பைச் செடி, கல் இருந்தது. உள்ளங்கையை வைத்தேன், வெயில் ஏறிச் சூடாக இருந்தது, பூதி நங்கை என் கட்டைவிரலுக்கடியில் இருந்தாள். வெண்குடிநல்லூரில் அதற்குள் தளம் உயர்த்தி அடிச்சுவரை மூடிவிட்டார்கள், இனி யாரும் போய் ஒத்துப் பார்க்கவும் முடியாது. உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். திரும்பி வரும்போது பேருந்து ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தேன், வாய்விட்டு, பக்கத்தில் இருந்த அம்மாள் குழந்தையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். திருடினாயா, திருடு. நீ திருடியது ஓட்டைப் பானை. நில்லு, அந்த ஊரின் மேல் ஏறி நில்லு, மாலை போட்டுக்கொள், வளைவு கட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை இனிப்பாக இருந்தது அது. வேறொரு ஊரில் பெண்கள் கல்லூரியில் முப்பது வருஷம் பாடம் சொன்னேன், சொல்லாத ஒரு வார்த்தையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டே. அந்தக் கல்லைத் தொட்டு நான்கு வருஷம் கழித்து ஒரு விடுமுறையில் சிறுகடம்பைக்கு மறுபடி போனேன், ஏன் போனேன், ருசி பார்க்கத்தான். வடக்குச் சுவர் இல்லை. சிமெண்டுச் சுவர், சுண்ணாம்பு, காவிப் பட்டை. கோயில் வேலை பார்த்த ஆள் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார், “அது பழைய கல்லும்மா. ஜல்லிக்கு ஒடச்சு ஏரிக்கரை ரோட்டுல போட்டாச்சு.” எழுத்து இருந்ததே என்றேன். “இருந்துச்சு. அதான் ஒடைக்க முன்ன கல்வெட்டு ஆபீசுல கேட்டோம். அந்தாளு பெரிய புக்க பொரட்டிப் பாத்துட்டு, இந்த ஊரு பேரே இதுல இல்ல, எடுத்துக்கங்கன்னுட்டாரு. ஏம்மா, தெரிஞ்சா முன்னாடியே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?” நான் ஏரிக்கரை ரோட்டில் நடந்து போய்ப் பேருந்து ஏறினேன். செருப்புக்கடியில் ஜல்லி நறநறத்தது. வேறு வழி இல்லை, ரோடு அது ஒன்றுதான்.

கைதட்டல். துணி விழுந்துவிட்டது. ஐயா. ஓவியன் சிரிக்க வைத்திருக்கிறான், அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கையில் சுருளுக்குப் பதில் மைப்படி ஒன்றைக் கொடுத்திருக்கிறான், மேல் வலது மூலையில் நாய் கடித்த காது. பார்த்தவுடன் வாய்க்குள் கசக்கிறது, நல்லது, கசக்கட்டும், இந்தக் கசப்போடு மைக்குக்குப் போக வேண்டும். இப்போது பெனிட்டா வருகிறாள், துறையின் இளம் ஆசிரியை, இந்த விழாவுக்கு என்னைத் தேடிப் பிடித்தவள், தூத்துக்குடிப் பெண், ரிப்பன் சுற்றிய புத்தகத்தை நேரே என்னிடம் கொண்டுவந்து முழங்காலிட்டு உட்கார்கிறாள். “அம்மா, கோவிச்சுக்கக் கூடாது. உங்ககிட்ட சொல்லாமலே செஞ்சுட்டேன்.” “என்ன செஞ்சே?” “பிரிச்சுப் பாருங்க.” ரிப்பன் அவிழ மாட்டேன் என்கிறது, அவளே பல்லால் கடித்து இழுக்கிறாள். புதிய பதிப்பு. அட்டையில் இரண்டு பெயர். சிவக்கொழுந்து, தையல்நாயகி. ஒரே அளவு எழுத்து. “பழைய பீரோவுல உங்க கையெழுத்துல நாப்பது பக்கம் அப்படியே இருந்துச்சும்மா. அவர் மகன்கிட்டக் காட்டினேன், ஒத்துக்கிட்டார். அந்த எண்ணெய் ஊத்துற பொம்பளை பக்கத்தையும் சேத்துட்டேன். அதுதான் முழுப் புத்தகத்துலயும் நல்ல பக்கம்.” அவள் கண் நிறைந்திருக்கிறது. பலராமன் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறார்.

என் பெயர். வழுவழுப்பான அட்டையில் கொஞ்சம் மேடாக அச்சிட்டிருக்கிறார்கள், கட்டைவிரலை வைத்தால் தெரிகிறது. இருபத்தாறு வயதில் இதற்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். இப்போதும் கொடுக்கலாம் போலத்தான் இருக்கிறது, அதுதான் பயம். பையில் குறிப்பேடு, மடியில் புத்தகம். சும்மா இருந்துவிடலாம். நன்றி சொல்லிவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு, கறுப்புக்கல் படியில் இறங்கிப் போகலாம், எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள், வேறு விதமாகப் பார்ப்பார்கள். வாசித்தேன் என்றால் அவரைத் தள்ளிவிட முடியாது, சேர்ந்தே விழ வேண்டும். இல்லை, அதைவிட மோசம். வாசித்தால் அவர் விழவே மாட்டார். அவர் கேட்டார், நான் சொன்னேன், அவர் நம்பினார். என்னை அவர் நம்பிய ஒரே இடம் அது. நாற்பது பக்கத்தைத் திருடியவர் அந்த ஒரு வரியில் குற்றமற்றவர். அதைச் சொல்ல வேண்டும், என் வாயால், இத்தனை பேர் நடுவில், அந்தச் சிரிப்புக்குக் கீழே நின்று. செத்தும் என்னிடமிருந்து ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொண்டு போகிறார். சொல்ல மாட்டேன். ஏன் சொல்ல வேண்டும், கல்லும் இல்லை, ஊரும் மறந்திருக்கும், யாருக்கு என்ன நஷ்டம். ஏம்மா, தெரிஞ்சா முன்னாடியே. புத்தகம் தானாகத் திறந்துகொள்கிறது. பூதி நங்கை. அச்சில் இருக்கிறாள், என் வாக்கியத்துக்குள் நடக்கிறாள், நிழல்கள் நகர்கின்றன, கீழே சின்ன எழுத்தில் வெண்குடிநல்லூர் என்று போட்டிருக்கிறது. அவள் காலில் அந்த ஊர் மண்ணே பட்டதில்லை. அவள் நடந்த ஊரில் அவள்மேல் லாரி போகிறது.

“திருமதி தையல்நாயகி அம்மையார் அவர்களை…” எழுந்திருக்கிறேன். பலராமன் தோளைப் பிடித்து எழுந்திருக்கிறேன், பிடித்த கையாலேயே அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொள்கிறேன். “ஏய், தையல், அது ஐயா…” “குடுத்துடறேன்.” மேடைக்கு மூன்று படி. மைக் உயரமாக இருக்கிறது, யாரோ ஓடிவந்து இறக்குகிறார்கள், அது சீறுகிறது. அமெரிக்க மகன் முன்வரிசையில் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார், அவருக்கும் அப்பாவின் நெற்றி. பெனிட்டா கைகூப்பி நிற்கிறாள். அவளைப் பார்க்காதே. பார்த்தால் நன்றி சொல்லிவிடுவாய். மைக் வைத்த மேசைமேல் புத்தகத்தை விரித்து, மைப்படியின் படம் இருக்கிற பக்கத்தை உள்ளங்கையால் அழுத்துகிறேன். சூடாக இல்லை. “இதுக்குக் கீழே அஞ்சு வரி எழுதணும்,” என்று மைக்கில் என் குரல் கேட்கிறது, மேடையில் ஒப்பிக்கிற குரல் இல்லை, நல்லது. “அம்பத்தஞ்சு வருஷமாத் தப்பா இருக்கு. ஐயா எழுதினது தப்பில்ல. அவர் கேட்டார், நான் தப்பாச் சொன்னேன். தெரிஞ்ச பிறகும் சொல்லல.” சிவப்பு முனையால் வெண்குடிநல்லூரை அடிக்கிறேன். கூட்டத்தில் ஒரு நாற்காலி நகர்கிறது, துணைவேந்தர் யாரிடமோ குனிந்து ஏதோ கேட்கிறார். பென்சிலைத் திருப்பிப் பிடிக்கிறேன், எழுத எழுத வாய்விட்டுச் சொல்கிறேன். ஊர், சிறுகடம்பை. கோயில், சிவன் கோயில். சுவர், வடக்குச் சுவர். படி எடுத்தவர், தையல்நாயகி. பெனிட்டாவின் கை கீழே இறங்கிவிட்டது, அது மட்டும் ஓரக்கண்ணில் தெரிகிறது. இன்னும் ஒரு வரி. நீல முனை மழுங்கிவிட்டது, அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கல்லின் நிலை. இல்லை, என்று எழுதுகிறேன்.